‘லாஜிக் இடிக்குது’: தமிழ் மர்மத் தொடர்களும் பார்வையாளர் மறுப்பின் வரலாறும்

தமிழ்த் தொலைக்காட்சியின் மர்மத் தொடரையோ அறிவியல் புனைவையோ குறைசொல்லும் பார்வையாளரின் வாயில் முதலில் வரும் சொல் ‘லாஜிக்’. ‘லாஜிக் இடிக்குது’, ‘லாஜிக்கே இல்லை’, ‘இதுக்கெல்லாம் லாஜிக் பார்க்கக் கூடாது’ என்பன இன்று படித்தவர், படிக்காதவர் என்னும் வேறுபாடின்றிப் புழங்கும் தொடர்கள். ஆங்கிலத்தில் அச்சொல் முதன்மையாகச் சிந்தனையின் ஒழுங்கையும் அதை ஆராயும் துறையையும் குறிக்கிறது. தமிழில் அதன் பொருள் சுருங்கிக் கூர்மையடைந்திருக்கிறது. ஒரு கதை தான் வகுத்துக்கொண்ட விதிக்குத் தானே கட்டுப்படுகிறதா என்னும் கேள்வியே தமிழ் ‘லாஜிக்’. இச்சொல் ஏன் தேவைப்பட்டது, எதை எதிர்த்துப் பயன்பட்டது என்று தேடிச் சென்றால், ‘பாமர இரசிகர்’ என்று ஊடக ஆய்வுகள் எளிதாகக் கடந்துபோகும் ஒரு கூட்டத்தின் அறிவு வரலாறு வெளிப்படுகிறது.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை அளவைகளை விரிவாக எடுத்துரைக்கிறது. அளவை, ஏரணம், தருக்கம், நியாயம், யுக்தி எனச் சொற்கள் பல. ஆனால் இவற்றுள் மக்கள் நாவில் நிலைத்தவை ஒவ்வொன்றும் காலப்போக்கில் இடம் மாறின. தர்க்கம் வாய்ச்சண்டை ஆயிற்று. ‘என்னிடம் தர்க்கம் பண்ணாதே’ என்பதில் காரண காரியம் எதுவுமில்லை. யுக்தி தந்திரமாயிற்று, அதன் தற்பவமான உத்தி, தொல்காப்பிய மரபியலில் நூல் யாக்கும் நெறிகளைக் குறித்து, இன்று தேர்தல் மேடை வரை வந்துவிட்டது. மிக முக்கியமான மாற்றம் நியாயத்தினுடையது. இந்தியத் தத்துவ மரபில் ஒரு தருக்கப் பள்ளியின் பெயராக இருந்த அச்சொல், தமிழ்ப் பேச்சில் நீதியையும் நேர்மையையும் குறிக்கலாயிற்று. காரண ஒழுங்கைச் சுட்டிய சொற்கள் மனித உறவுகளின் பக்கம் சாய்ந்துவிட, காலியான இடத்தில் ‘லாஜிக்’ வந்து அமர்ந்தது. ஆயினும் பழைய குடியிருப்பாளர் முற்றாக வெளியேறவில்லை. தமிழ்ப் பார்வையாளர் ‘லாஜிக்’ கேட்கும் இடங்களில் எல்லாம் அடியில் நியாயமே கேட்கப்படுகிறது என்பதைக் கீழ்வரும் வரலாறு காட்டும்.

சொல் புதிது, மறுப்பு பழையது. திருவிளையாடற் புராணம் சொல்லும் தருமி கதையில் நக்கீரர் எழுப்பும் தடை, பொருளின் பொருத்தம் பற்றியது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்பதே வழக்கு. சொற்குற்றம், பொருட்குற்றம் என்னும் பாகுபாட்டில் இது இரண்டாவது வகை. 1965இல் ஏ.பி. நாகராஜன் அதைத் திரைப்படமாக்கித் தாமே நக்கீரராக நடித்தபோது, இறைவன் முன்னிலையிலும் மறுப்பைக் கைவிடாத விமர்சகர் தமிழ்ப் பொதுமனத்தின் நாயகர்களுள் ஒருவரானார். இதற்கு எதிர்த்தட்டில் தொல்காப்பியம் கூறும் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் உள்ளன. சுவையான நிகழ்ச்சிகள் அனைத்தும் ஓரிடத்தே நிகழ்ந்தனவாகத் தொகுத்துச் சொல்வதே நாடக வழக்கு என இளம்பூரணர் விளக்குகிறார். உலகில் சிதறிக் கிடப்பதைக் கதை ஓரிடத்தில் குவிக்கலாம் என்ற உரிமையை இலக்கணமே வழங்கியிருக்கிறது. ஆகவே தற்செயல்களின் பெருக்கம் மட்டுமே தமிழ் மரபில் குற்றமாகாது. குற்றம் வேறெங்கோ தொடங்குகிறது.

எங்கே தொடங்குகிறது என்பதற்குத் தொடர்கதையின் வரலாறு விடை தருகிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் மர்மம் அதன் மையத்தில் இருந்தது. கதை முடிந்தபோது பல முடிச்சுகள் அவிழாமலே நின்றன. திடீரென்று முடித்துவிட்டதாக வாசகர்கள் குறைபட்டனர். கல்கி நாவலின் இறுதியில் ஒரு முடிவுரை எழுதி, வாசகர் கேள்விகளை எதிர்கொண்டு, பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் என்று சொல்ல வேண்டியிருந்தது. இந்த முடிவுரை தமிழ்ப் பெருவழக்கு இலக்கியத்தின் ஓர் அரிய ஆவணம். மூன்றரை ஆண்டுக் காத்திருப்பு வாசகருக்கு ஓர் உரிமையைத் தந்துவிட்டது என்பதை எழுத்தாளரே ஏற்றுக்கொண்ட தருணம் அது. வாரத்துக்கு வாரம் இடைவெளி விட்டுச் சொல்லப்படும் கதையில் வாசகர் அந்த ஏழு நாளும் சும்மா இருப்பதில்லை. ஊகிக்கிறார், பிறரோடு வாதிடுகிறார், தனக்கென ஒரு முடிவை எழுதி வைத்துக்கொள்கிறார். எழுத்தாளரின் முடிவு அந்த உழைப்புக்கு ஈடாக இல்லையெனில் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்.

ஆங்கிலத் துப்பறியும் கதை உலகம் இந்த உணர்வைச் சட்டமாகவே எழுதி வைத்தது. ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளில், இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றல்கள் கதையில் தலையிடக் கூடாது என்பதும், இரகசிய வழி ஒன்றுக்கு மேல் இருக்கலாகாது என்பதும், துப்பறிவாளர் கண்ட தடயங்களை வாசகருக்கு மறைக்கக் கூடாது என்பதும் அடங்கும். அவற்றின் அடிநாதம் நேர்மையான ஆட்டம் என்னும் விளையாட்டுத்திடல் கருத்து. காரண ஒழுங்கின் பெயரால் கேட்கப்பட்டது நேர்மைதான். தமிழ் ‘நியாயம்’ இவ்விரண்டையும் ஒரே சொல்லில் ஏற்கெனவே அடக்கியிருந்தது.

தமிழில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தூர்தர்ஷனோடு தொடங்கியது. எண்பதுகளில் தொடர்கள் பெரும்பாலும் 13 வாரக் கணக்கில் அனுமதிக்கப்பட்டன. இந்த நிர்வாக வரம்பு கதையமைப்பைக் கட்டுப்படுத்திய அளவுக்கு எந்த இலக்கியக் கொள்கையும் கட்டுப்படுத்தியிருக்காது. முடிவு எப்போது என்பது எழுதுபவருக்கும் பார்ப்பவருக்கும் முன்பே தெரியும்; முடிச்சை அளவாகப் போட வேண்டும், குறித்த வாரத்தில் அவிழ்க்கவும் வேண்டும். பார்வையாளர் கருத்தைத் தெரிவிக்க அஞ்சலட்டை இருந்தது. வந்த கடிதங்களை வாசித்து நிலைய இயக்குநரே பதில் சொன்ன ‘எதிரொலி’ நிகழ்ச்சி, பார்வையாளரைக் கேள்வி கேட்கும் உரிமையுள்ளவராகத் திரையிலேயே அங்கீகரித்தது. பின்வந்த தனியார் அலைவரிசைகள் இவ்வாறான நேரடிப் பொறுப்புக்கூறலை மேற்கொள்ளவில்லை.

அறிவியல் புனைவு இக்காலத்தில்தான் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. தேசிய ஒளிபரப்பில் ‘ஸ்பேஸ் சிட்டி சிக்மா’, ‘இந்திரதனுஷ்’ ஆகியவை 1989இல் வெளியாயின. தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் தூர்தர்ஷன் தொடராகவும் ஆயிற்று. ஜீனோ என்னும் இயந்திர நாய் பேசுகிறது, படிக்கிறது, சிந்திக்கிறது. ஆட்சியாளர் ஜீவாவின் இருப்பே ஐயத்துக்குரியதாகிறது. பேசும் நாயை ஏற்றுக்கொள்வதில் பார்வையாளருக்குத் தடையேதும் இருக்கவில்லை. எதிர்காலம் என்னும் ஒப்பந்தத்தில் அது முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. சுஜாதா பொறியாளர், பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர், ஜூனியர் விகடனில் ‘ஏன் எதற்கு எப்படி’ என்னும் பகுதியில் அறிவியல் கேள்விகளுக்குப் பதிலெழுதியவர். கேட்டுத் தெளியும் பழக்கமுள்ள ஒரு வாசகர் கூட்டத்தை அவர் இதழ்களிலேயே உருவாக்கியிருந்தார். தமிழ் அறிவியல் புனைவின் பார்வையாளர் அந்தப் பயிற்சியோடுதான் திரைமுன் அமர்ந்தார்.

இந்த வரலாற்றின் திருப்புமுனை ‘மர்மதேசம்’. கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய இவ்வரிசை தொண்ணூறுகளின் நடுவில் சன் தொலைக்காட்சியில் ‘ரகசியம்’ கதையோடு தொடங்கியது. இரவில் தங்குவோர் உயிர் பிழைப்பதில்லை எனப்படும் பைரவர் கோயில், நவபாஷாண லிங்கம், சித்த மருத்துவம் ஆகியவை அதன் களம். அடுத்து வந்த ‘விடாது கருப்பு’, ‘விட்டு விடு கருப்பா’ என்னும் நாவலை அடிப்படையாகக் கொண்டது. ஊரில் தவறு செய்தவர் தண்டிக்கப்படுகின்றனர்; தண்டிப்பது காவல் தெய்வமான கருப்பு என்று ஊர் நம்புகிறது; குதிரையின் குளம்பொலி இரவில் கேட்கிறது. கருப்பு யார் என்னும் கேள்வி வாரந்தோறும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் விவாதிக்கப்பட்டது.

நாக்ஸின் விதியைக் கொண்டு அளந்தால் ‘விடாது கருப்பு’ முதல் வாரத்திலேயே தோற்றுவிடும். ஆனால் தமிழ்ப் பார்வையாளர் அதை ‘லாஜிக் இல்லாத கதை’ என்று தள்ளவில்லை. காரணம் அதன் இரட்டைக் கணக்கு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தெய்வம் என்னும் விளக்கமும் மனிதர் என்னும் விளக்கமும் ஒருசேரத் திறந்து வைக்கப்பட்டிருந்தன. மருத்துவம் கற்ற பாத்திரமும் கோயிலை நம்பும் பாத்திரமும் ஒரே தடயத்தை இருவேறாகப் படித்தனர். இறுதியில் பிளவுபட்ட ஆளுமை என்னும் உளவியல் விளக்கம் வந்தபோது, அதற்கான தடயங்கள் முன்னமே கதைக்குள் இருந்தன. அதே வேளையில் ஊராரின் நம்பிக்கையைப் பொய்யென நிறுவுவது தொடரின் நோக்கமாக இருக்கவில்லை. நம்புவோர், நம்பாதோர் இருவரையும் கதை முட்டாளாக்கவில்லை. பகுத்தறிவு இயக்கத்தின் பிரசாரமும் குலதெய்வ வழிபாடும் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில், வாழும் சமூகத்துக்கு அதுவே பொருத்தமான நேர்மையாக இருந்தது. 2004இல் தொடங்கிய ‘சிதம்பர ரகசியம்’ நாடி ஜோதிடத்தை எடுத்துக்கொண்டு இதே இணையரின் கையில் இதே கணக்கைத் தொடர்ந்தது.

தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்த தமிழருக்கு இத்தொடர்கள் வேறொரு வகையிலும் முக்கியமானவை. ஐதராபாத்தின் போவன்பள்ளி செகந்திராபாத் கண்டோன்மென்ட் பகுதியைச் சார்ந்த இடம். சென்னை இராணுவத்தின் காலம் முதலே செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியிருந்தன. சென்னைத் தூர்தர்ஷனின் தரைவழி அலை அங்கே எட்டாது. 1977 முதல் ஐதராபாத் நிலையத்தின் தெலுங்கு நிகழ்ச்சிகளே அவர்களின் வட்டாரத் தொலைக்காட்சி. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி செயற்கைக்கோள் வழியே தொடங்கிய பிறகே, கேபிள் இணைப்பின் மூலம் வாராந்தரத் தமிழ்க் கதை அவ்வீடுகளுக்குள் நுழைந்தது. 1995இல் ஜெமினியும் ஈடிவியும் தெலுங்கில் தொடங்கின. ஈடிவியின் ‘அன்வேஷித’ தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தெலுங்கு மர்மத் தொடருக்குப் பெரும் கூட்டத்தைச் சேர்த்தது. இதனால் போவன்பள்ளி போன்ற இடங்களின் இருமொழி வீடுகளில் இரு மொழி மர்மங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது.

அங்கே கவனிக்கத்தக்கது, மறுப்பின் மொழி எல்லை கடந்து ஒன்றாக இருப்பதே. தமிழர் ‘காதில் பூச்சுற்றுகிறார்கள்’ என்பதைத் தெலுங்கர் ‘செவிலோ புவ்வு’ என்கின்றனர். 1990இல் அப்பெயரில் ஒரு தெலுங்குத் திரைப்படமே வந்தது. கன்னடத்திலும் இதே உருவகம் உண்டு. 2023 பிப்ரவரியில் கர்நாடக எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்டத்தைக் கண்டிக்கக் காதில் பூவோடு சட்டமன்றத்துக்கு வந்தனர். வாக்குறுதி தந்து நிறைவேற்றாதவருக்கும் தடயம் தந்து விளக்காத கதாசிரியருக்கும் தென்னிந்தியப் பேச்சு ஒரே கண்டனத்தை வைத்திருக்கிறது. இவ்வுருவகத்தின் இலக்கணமும் நுட்பமானது. ‘லாஜிக் இல்லை’ என்னும்போது எழுவாய் கதை. ‘காதில் பூச்சுற்றுகிறார்கள்’ என்னும்போது எழுவாய் கதை சொல்பவர். பூவைச் சுமக்கும் காது பார்வையாளருடையது. முன்னது கதையின் குறையைச் சொல்கிறது. பின்னது அக்குறையால் தனக்கு நேர்ந்த அவமதிப்பைச் சொல்கிறது. ‘லாஜிக்’ என்னும் கடன்சொல் குளிர்ந்த தொழில்நுட்பச் சொல்லாகத் தோன்றினாலும், பேசுபவர் மனத்தில் அது பெரும்பாலும் பூச்சுற்றலின் மறுபெயராகவே இயங்குகிறது.

தினசரித் தொடர்களின் காலம் இந்த ஒப்பந்தத்தை மாற்றி எழுதியது. 1999 இறுதியில் தொடங்கி 2001 வரை ஓடிய ‘சித்தி’யின் பெருவெற்றிக்குப் பின், மாலையும் இரவும் தினசரித் தொடர்களுக்கு உரியவையாயின. முடிவு தெரியாமல் எழுதுவதும், பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கதையை நீட்டுவதும் தொழில்முறையாயிற்று. நடிகர் விலகினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்னும் அட்டை திரையில் தோன்றும். மறுநாள் அதே கணவருக்கு வேறு முகம். உலகியல் வழக்கின்படி இதைவிடப் பெரிய முரண் இருக்க முடியாது. ஆயினும் பார்வையாளர் அதைச் சலனமின்றி ஏற்றுக்கொண்டனர். அறிவிப்பு வெளிப்படையானது, எவரும் ஏமாற்றப்படவில்லை. ஆனால் ஒரு பாத்திரம் மூன்று மாதத்துக்கு முன் கதவோரம் நின்று கேட்டுவிட்ட இரகசியத்தை இன்று முதன்முறையாகக் கேட்டு அதிர்ந்தால், அதே பார்வையாளர் பொறுப்பதில்லை. முகம் மாறலாம், நினைவு மாறக் கூடாது என்பது எழுதப்படாத விதி. தமிழ்ப் பார்வையாளர் இயல்பைக் கேட்கவில்லை, தொடர்ச்சியைக் கேட்டனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2017இல் சுந்தர் சி. எழுதிய ‘நந்தினி’ பாம்பு, ஆவி, பழிவாங்கல் என அனைத்தையும் தினசரித் தொடருக்குள் கொண்டுவந்து, தமிழிலும் கன்னடத்திலும் உருவாகித் தெலுங்கிலும் மலையாளத்திலும் மொழிமாற்றம் பெற்றது. இவ்வகைத் தொடர்களின் பார்வையாளர் பாம்பு பெண்ணாவதைக் கேள்வி கேட்பதில்லை. பெண்ணாகும் பாம்பு, அந்த ஆற்றலைத் தன் உயிருக்கே ஆபத்து வரும்போது ஏன் பயன்படுத்தவில்லை என்றே கேட்கின்றனர். நடக்க முடியாதது நம்பும்படி இருந்தால் அதுவே மேல், நடக்கக்கூடியது நம்ப முடியாதபடி இருந்தால் அது கீழ் என்னும் அரிஸ்டாட்டிலின் கவிதையியல் நிலைப்பாட்டை, அவர் பெயரைக் கேள்விப்படாத கூடங்கள் நாள்தோறும் நடைமுறைப்படுத்துகின்றன.

இந்த நுண்ணறிவைக் கல்வி உலகமும் அரசும் நெடுங்காலம் எதிர்த் திசையிலிருந்தே பார்த்தன. 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘சக்திமான்’ இதற்கு எடுத்துக்காட்டு. நாயகன் வந்து காப்பாற்றுவான் என நம்பிக் குழந்தைகள் ஆபத்தில் சிக்கியதாகச் செய்திகள் வெளியாயின. அச்செய்திகளின் உண்மை குறித்தும் பின்னர் விவாதம் எழுந்தது. தொடரின் நாயகனே திரையில் தோன்றி இவற்றைச் செய்து பார்க்காதீர்கள் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை அந்த அச்சம் நியாயமானதே. ஒப்பந்தத்தைப் படிக்கும் வயது அவர்களுக்கு வரவில்லை. சிக்கல், அந்த அச்சத்தை அப்படியே வளர்ந்தவர்கள் மீது, குறிப்பாக மாலைத் தொடர் பார்க்கும் பெண்கள் மீது, ஏற்றியதில் இருக்கிறது. ‘எதைக் காட்டினாலும் பார்ப்பார்கள்’ என்னும் தீர்ப்பு எண்ணிக்கைகளை மட்டுமே சான்றாகக் கொண்டது. எத்தனை வீடுகளில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது என்பதை எண்ணிக்கை சொல்லும். அதன் முன் அமர்ந்து ‘இது எப்படி நடக்கும்?’ என்று சொல்லப்பட்ட மறுப்பை அது பதிவு செய்யாது. தொடர்ந்து பார்ப்பதும் தொடர்ந்து மறுப்பதும் ஒரே ஆளால் ஒரே நேரத்தில் செய்யப்படும் செயல்கள் என்னும் எளிய உண்மை அளவீட்டு முறைக்குள் அடங்குவதில்லை.

இணையவழித் தொடர்கள் இந்த மறுப்புக்கு இதுவரை இல்லாத ஒரு கருவியைக் கொடுத்தன. ‘நவம்பர் ஸ்டோரி’ 2021இலும், ‘சுழல்’, ‘வதந்தி’ ஆகியவை 2022இலும் வெளியாயின. எல்லாப் பகுதிகளும் ஒரே நாளில் கையில் கிடைத்தபோது ஏழு நாள் ஊகம் மறைந்து, பின்னோக்கி ஓட்டிச் சரிபார்க்கும் பழக்கம் வந்தது. ‘மர்மதேச’ப் பார்வையாளர் நினைவை நம்பி வாதிட்டார், ‘சுழல்’ பார்வையாளர் மூன்றாம் பகுதியின் ஒரு காட்சியை நிறுத்திவைத்து வாதிடுகிறார். ஜெர்மானியத் தொடரான ‘டார்க்’, 2017 முதல் 2020 வரை, குடும்ப மர வரைபடம் இன்றிப் பின்தொடர முடியாத காலப்பயணக் கதையைச் சொன்னது; உலகெங்கும் பார்வையாளர்கள் அவ்வரைபடத்தைத் தாமே வரைந்துகொண்டனர். அதே நேரம் இழப்பும் உண்டு. ஒரே இரவில் பார்த்து முடிக்கும் கதையில் காத்திருப்பு என்னும் முதலீடு இல்லை. கல்கியிடம் முடிவுரை கேட்ட உரிமை அந்தக் காத்திருப்பிலிருந்து பிறந்தது. இன்றைய பார்வையாளர் குறையைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கிறார். ஆனால் ஏமாற்றத்தின் ஆழம் குறைந்து, அடுத்த தொடருக்கு நகர்ந்துவிடுகிறார்.

இவ்வரலாற்றை எழுதுவதற்கான சான்றுகள் வேகமாக அழிந்துவருகின்றன என்பதே இதில் கவலைக்குரியது. அஞ்சலட்டைகள் கோப்புகளில் நிற்பதில்லை. தேநீர்க் கடை விவாதத்துக்குப் பதிவேடு இல்லை. ‘விடாது கருப்பு’ ஒளிபரப்பானபோது நாற்பது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தொடுகின்றனர். அவர்கள் எந்த வாரம் யாரைக் கருப்பு என்று ஊகித்தனர், எந்தத் தடயத்தை வைத்து ஊகித்தனர், முடிவை ஏற்றனரா என்னும் வாய்மொழிச் சான்றுகளை இப்போதே திரட்டுவது தமிழ், மொழியியல், ஊடகவியல் ஆகிய மூன்று துறை மாணவர்களும் சேர்ந்து செய்யத்தக்க பணி. சென்னையிலும் மதுரையிலும் மட்டுமன்றி, போவன்பள்ளி போன்ற இருமொழிப் பகுதிகளிலும் அது செய்யப்பட வேண்டும். இரண்டு மொழியில் மறுக்கத் தெரிந்தவர்கள், எதை எந்த மொழியில் மறுத்தனர் என்பது தனி ஆய்வுக்குரியது. அவ்வாறு திரட்டும்போது ‘தொடர் பிடித்திருந்ததா?’ என்பதோடு, ‘எந்த இடத்தில் உங்கள் காதில் பூச்சுற்றினார்கள்?’ என்றும் கேட்கப்பட வேண்டும். விடைகள் இரண்டாம் கேள்விக்கே நீளமாக வரும்.